கடைசிப் பந்தியில் வந்த ஸ்ட்ரைக்கர்: பிப்ரவரியில் கோல் அடிக்கிறான், அணியில் சேர்ப்பதா வேண்டாமா?

ஒவ்வொரு பிப்ரவரியிலும் அமெரிக்காவின் முதல் நிலைக் கால்பந்து லீக்கான எம்எல்எஸ்ஸின் அணிகளில் ஏதாவது ஒன்றில் இந்தக் கதை நடக்கும். டிசம்பர் டிராஃப்ட்டில் அறுபது எழுபது பெயர்கள் போன பிறகு, எல்லாரும் மடிக்கணினியை மூடிவிட்டுக் கிளம்பும் நேரத்தில் எடுக்கப்பட்ட ஒரு கல்லூரிப் பையன் பயிற்சி முகாமுக்கு வருவான். முதல் பயிற்சி ஆட்டத்தில் ஒரு கோல், அடுத்ததில் இரண்டு, மூன்றாவதில் ஒரு கார்னரில் இருந்து தலையால் முட்டி ஒன்று. பல லட்சம் டாலர் கொடுத்து வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்த முதல் ஸ்ட்ரைக்கர் அதே மூன்று ஆட்டங்களில் ஒன்றுகூட அடித்திருக்க மாட்டார். அப்புறம் என்ன, 'இவனை முதல் ஆட்டத்திலேயே இறக்குங்கள்' என்று ஒரு கூட்டம், 'பயிற்சி ஆட்டத்தில் அடித்ததெல்லாம் கணக்கா' என்று இன்னொரு கூட்டம். சீசன் தொடங்க இரண்டு வாரம்தான் இருக்கும், கிளப் ஏதாவது ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்.

நான் இந்த லீக்கைச் சில வருடங்களாக விடாமல் பார்க்கிறேன். கிழக்குக் கரையில் மாலை ஏழரை மணி ஆட்டம் என்றால் கோடையில் நமக்கு விடிகாலை 5 மணி, காபி போட்டுக்கொண்டே முதல் பாதியைப் பார்த்துவிடலாம். இந்த பிப்ரவரி மயக்கத்தில் நானும் இரண்டு மூன்று முறை விழுந்திருக்கிறேன், 'அடுத்த பெரிய ஆள் இவன்தான்' என்று நண்பர்களிடம் அடித்துச் சொல்லி, ஜூன் மாதத்தில் அந்தப் பையன் பெயரையே மறந்துபோயிருக்கிறேன். அதனால்தான் இப்படி ஒருவன் கிடைத்தால் கிளப்புக்கு முன்னால் இருக்கும் வழிகள் என்னென்ன, எதில் என்ன லாபம், எதில் என்ன நட்டம் என்று ஒருமுறை உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன்.

ஐரோப்பியக் கால்பந்து மட்டும் பார்ப்பவர்களுக்கு டிராஃப்ட் கொஞ்சம் விசித்திரமாகத் தெரியும், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடும் பையன்களை எம்எல்எஸ் கிளப்புகள் வரிசையாக ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும், போன சீசனில் மோசமாக ஆடிய கிளப்புக்கு முன்னுரிமை. சூப்பர்டிராஃப்ட் என்ற பெயரில் 2000இல் இருந்து நடக்கிறது. 2024 டிசம்பரில் நடந்ததில் 30 கிளப், மூன்று சுற்று, மொத்தம் 90 இடம். நம் ஊர்க் கல்யாணப் பந்தி மாதிரிதான். முதல் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு எல்லாம் சுடச்சுட வரும், மூன்றாம் பந்திக்கு வரும்போது பரிமாறுகிறவர்களுக்கே அலுத்துப்போயிருக்கும். மூன்றாவது சுற்றில் சில கிளப்புகள் 'எங்களுக்கு வேண்டாம்' என்று தங்கள் முறையையே விட்டுவிடுவதும் உண்டு. அந்தச் சுற்றில் எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலானவர்களுக்கு முதல் அணி ஒப்பந்தமே கிடைப்பதில்லை. என்ன, எப்போதாவது ஒருமுறை பாயச அண்டாவின் அடியில் முந்திரி தங்கியிருக்கும், அந்த ஆசையில்தான் எல்லாரும் கரண்டியை விட்டுத் துழாவுகிறார்கள்.

சரி, வழிகள். முதல் அணியில் சேர்த்து ஆடவிடுவது. முதல் அணி ஒப்பந்தம் கொடுத்து பெஞ்சில் உட்கார வைப்பது. கிளப்பின் இரண்டாம் அணிக்கு அனுப்புவது. இரண்டாம் நிலை லீக்கில் வேறொரு கிளப்புக்கு லோனில், அதாவது கொஞ்ச காலத்துக்கு இரவலாக, கொடுப்பது. கைகுலுக்கி அனுப்பிவிடுவது. இந்த ஐந்துக்கு வெளியே பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் இதில் எது என்று பேசுவதற்கு முன்னால் அந்த நான்கு கோலை என்ன மதிப்புக்கு எடுத்துக்கொள்வது என்பதை முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் பாதித் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள், ஆனால் அது பானை முழுக்க ஒரே அடுப்பில் வெந்திருந்தால்தான். பயிற்சி ஆட்டம் அப்படி வேகிற பானை கிடையாது. கலிஃபோர்னியாவின் இண்டியோவில் போலோ மைதானங்களில் 2022இல் இருந்து கோச்செல்லா வேலி இன்விடேஷனல் என்று ஒன்று நடக்கிறது, பாதி லீக் அங்கே வந்து கூடுகிறது. அங்கே நடக்கும் ஆட்டங்களில் நிறைய 45 நிமிடம் இரண்டு பாதி என்ற கணக்கிலேயே இருக்காது. 30 நிமிடம் நான்கு பகுதி என்று ஆடுவார்கள், மாற்று வீரர்களுக்கு வரம்பு கிடையாது. முதல் இரண்டு பகுதியில் எதிரணியின் முக்கியமான பதினொரு பேர் இருப்பார்கள். கடைசிப் பகுதியில் எதிரே நிற்பது யார் என்று பார்த்தால் ஒரு அகாடமிப் பையன், ஒரு ரிசர்வ் ஆள், முதுகில் எண் இருந்தும் பட்டியலில் பெயர் இல்லாமல் 'தேர்வுக்கு வந்தவர்' என்று மட்டும் போட்டிருக்கும் இன்னொருவர். அந்த மூன்று பேருக்கு எதிராக அடித்த இரண்டு கோலும், சீசனில் முப்பது ஆட்டம் ஆடப்போகிற ஒரு சென்டர் பேக்குக்கு (நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரருக்கு) எதிராக அடித்த ஒரு கோலும் செய்திக் குறிப்பில் ஒரே மாதிரிதான் அச்சாகும்.

இன்னொரு விஷயம், உடம்பு. ஜனவரியில் அனுபவசாலிகள் எல்லாரும் ஒரு நாளைக்கு இரண்டு முறை பயிற்சி செய்து கால் கனத்துப்போய் இருப்பார்கள், அவர்களுக்கு பிப்ரவரி என்பது மார்ச்சுக்காக உடம்பைத் தயார் செய்யும் மாதம். இரண்டு பக்கமும் எட்டக்கூடிய 50-50 பந்துக்கு முழு வேகத்தில் கால் வைக்க மாட்டார்கள், வைத்து அடிபட்டால் யாருக்கு லாபம்? புதுப் பையனுக்கு அது வாழ்க்கைப் பிரச்சினை. அவன் கல்லூரி சீசன் நவம்பரிலோ டிசம்பர் தொடக்கத்திலோ முடிந்திருக்கும், ஒரு மாதம் தனியாக ஓடித் தயாராகி வந்திருப்பான், ஒவ்வொரு பயிற்சி ஆட்டமும் அவனுக்கு இறுதிப்போட்டி. ஒரு பக்கம் பாதி வேகம், இன்னொரு பக்கம் முழு வேகம் என்றால் கோல் விழத்தான் செய்யும்.

அதற்காக அந்தக் கோல்களைக் குப்பை என்று தள்ளவும் முடியாது. நான் பார்ப்பது எத்தனை என்பதைவிட எப்படி என்பதை. பெனால்டியை விட்டுவிடலாம். நாற்பது கெஜத்தில் இருந்து அடித்த அதிசய ஷாட்டையும் நான் விட்டுவிடுவேன், அது வருடத்தில் ஒருமுறை விழும். ஆனால் கிராஸ் வரும்போது முதலில் தூரத்துக் கம்பத்துக்குப் போவது போல ஒரு அடி வைத்து, தடுப்பவரின் பின்னந்தோளுக்குப் பின்னால் மறைந்து, சட்டென்று முன் கம்பத்துக்கு வெட்டி வருவது ஒரு பழக்கம். மூன்று கோலில் இரண்டு அந்த மாதிரி வந்திருந்தால், கோல் அடிக்காத ஆட்டத்திலும் அந்த ஓட்டம் நான்கைந்து முறை தெரிந்தால், அது எதிரணி யார் என்பதைத் தாண்டி நிற்கும். அதேபோல பந்து கையை விட்டுப் போன அடுத்த ஐந்து வினாடி. கல்லூரி ஆட்டத்தில் வெளியே போன ஆள் குறிப்பிட்ட விதிகளுக்குள் மறுபடி உள்ளே வரலாம், அதனால் இருபது நிமிடம் வெறித்தனமாக ஓடிவிட்டு மூச்சு வாங்கப் போய் உட்கார்ந்துகொள்ள முடியும். தொழில்முறை ஆட்டத்தில் வெளியே போனால் போனதுதான். எழுபதாவது நிமிடத்தில் அவன் தடுப்பாட்டக்காரரைத் துரத்துகிறானா, இடுப்பில் கை வைத்து நிற்கிறானா என்பதில் நிறைய தெரிந்துவிடும்.

இனி வழிகளுக்கு வருகிறேன். முதல் அணியில் சேர்த்து ஆடவிடுவது: ரசிகனாக எனக்கும் இதுதான் ஆசை. பணம் இதற்குத் தடையே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. எம்எல்எஸ் அணியில் 30 இடம் என்றால் அதில் 20 பேரின் சம்பளம்தான் லீக் போட்டிருக்கும் சம்பள உச்சவரம்புக் கணக்கில் வரும், மீதி இடங்களில் இருப்பவர்களுடையது அந்தக் கணக்கில் சேராது. 2025இல் ரிசர்வ் இடத்தில் இருக்கும் இளம் வீரருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் வருடத்துக்கு 80,622 டாலர், மூத்த வீரர் என்றால் 1,04,000. மெஸ்ஸிக்கு 2 கோடி டாலருக்கு மேல் போகிற லீக்கில் இது காபிச் செலவு. ஆகவே 'ஒப்பந்தம் கொடுக்கக் கிளப்பிடம் காசு இல்லையா' என்று கோபப்படுவதில் அர்த்தம் இல்லை, காசு இருக்கிறது, இல்லாதது நிமிடங்கள்.

ஸ்ட்ரைக்கர் இடம் அப்படிப்பட்டது. டிராஃப்ட்டில் வந்த ஒரு பேக்கோ கோல்கீப்பரோ மெதுவாக மேலே வர வாய்ப்பு அதிகம், ஏனென்றால் கிளப்புகள் அந்த இடங்களுக்குப் பெரிய பணம் போடுவது குறைவு. கோல் அடிப்பவரைத்தான் வெளிநாட்டில் இருந்து வாங்குகிறார்கள். கணக்கைப் பாருங்கள், 2012இல் கிறிஸ் வோண்டலாவ்ஸ்கி சீசனில் அதிகக் கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி வாங்கினார், அதற்குப் பிறகு டிராஃப்ட் வழியாக வந்த ஒருவர்கூட அந்த விருதை வாங்கவில்லை. 2018இல் 31 கோல் அடித்த ஜோசஃப் மார்ட்டினெஸ், 2019இல் 34 அடித்த கார்லோஸ் வேலா, அப்புறம் முக்தார், பொவாங்கா, பெண்டேகே என்று எல்லாரும் வெளியில் இருந்து வந்தவர்கள். 2015இல் டிராஃப்ட் வழி வந்த கெய் கமாராவும் ஜியோவின்கோவும் ஆளுக்கு 22 கோலில் சமமாக நின்றார்கள், அசிஸ்ட் (மற்றவர் கோலுக்குப் பந்து கொடுத்த) கணக்கில் விருது ஜியோவின்கோவுக்குப் போனது. அந்த அளவுக்கு வந்து நின்றதே அபூர்வம்.

ஆனாலும் இந்த வழி பலித்த கதைகள் உண்டு. 2003இல் ஜமைக்காவைச் சேர்ந்த டமானி ரால்ஃபை சிகாகோ 18வது ஆளாக எடுத்தது. அப்போது லீக்கில் பத்தே கிளப், அதனால் 18 என்பது இரண்டாவது சுற்று. முதல் சீசனிலேயே 11 கோல், அந்த வருடத்தின் சிறந்த புதுமுகம். புதுமுகம் ஒருவர் அடித்த அதிகபட்சக் கோல் என்ற அந்தக் கணக்கு 2015இல் சைல் லாரின் 17 அடிக்கும் வரை நின்றது. இன்னும் பொருத்தமான உதாரணம் டொமினிக் பாஜி. செனகலில் இருந்து வந்து பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆடியவர், 2015இல், அப்போது நான்கு சுற்று, அந்த நான்காவது சுற்றில் 67வது ஆளாக கொலராடோ எடுத்தது. கடைசிப் பந்தி என்றால் இதுதான் கடைசிப் பந்தி. முதல் வருடமே முதல் அணிக்கு ஆடினார், 2017இல் 9 கோல், 2018இல் அவரைக் கொடுத்துத்தான் கொலராடோ டாலஸிடம் இருந்து அமெரிக்க தேசிய அணி வீரர் கெல்லின் அகோஸ்டாவைப் பெற்றது. 67வது இடத்தில் எடுத்த ஒருவருக்கு ஈடாக ஒரு தேசிய அணி வீரர் கிடைத்தார் என்றால் அந்த டிராஃப்ட் முறையில் கிளப் எவ்வளவு சம்பாதித்திருக்கிறது என்று பாருங்கள்.

பாஜிக்கு ஏன் பலித்தது? அவருடைய வேகம், உழைப்பு எல்லாம் சரி, ஆனால் கொலராடோ அந்த நேரத்தில் கோல் அடிக்க ஆள் தேடித் தவித்துக்கொண்டிருந்த அணி என்பதும் ஒரு காரணம். வரிசையில் அவருக்கு முன்னால் அசைக்க முடியாத ஆள் யாரும் இல்லை. 2023இல் டங்கன் மக்வயர் ஆர்லாண்டோவில் அசத்தி 13 கோல் அடித்தாரே, அவர் 6வது ஆளாக எடுக்கப்பட்டவர், கல்லூரி ஆட்டத்தின் மிகப் பெரிய விருதான ஹெர்மன் கோப்பையை வாங்கிவிட்டு வந்தவர், அவருக்கே முன்னால் நின்ற எர்ஜான் காராவைத் தாண்டித்தான் அந்த இடம் கிடைத்தது. 67வது ஆளுக்கு யார் அந்தப் பொறுமையைக் காட்டுவார்கள்? ஆக முதல் வழி பையனின் திறமையைவிடக் கிளப்பின் ஸ்ட்ரைக்கர் பட்டியலைப் பொறுத்தது. முதல் ஆள் காயம், இரண்டாவது ஆள் விசாவுக்காகக் காத்திருக்கிறார் என்றால், தயங்காமல் இறக்கலாம். மற்றபடி இல்லை.

இனி இரண்டாவது வழி. இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாருக்கும் பிடித்த வழி இதுதான். முதல் அணி ஒப்பந்தம், பெஞ்சில் நான்காவது ஸ்ட்ரைக்கர். ரசிகர்களுக்கு 'பையனைச் சேர்த்துக்கொண்டார்கள்' என்ற திருப்தி, கிளப்புக்கு 'திறமையை விட்டுவிடவில்லை' என்ற திருப்தி, வீட்டில் அம்மா அப்பாவுக்குச் சட்டையோடு போட்டோ. பையனுக்கு மட்டும் வருடம் முழுக்க நாற்பது நிமிடம்.

வோண்டலாவ்ஸ்கி கதையை இங்கேதான் சொல்ல வேண்டும். 2005 சூப்பர்டிராஃப்ட்டில் அவர் பெயரே வரவில்லை. அதற்குப் பிறகு நடந்த துணை டிராஃப்ட்டில், அதிலும் 41வது ஆளாக, சான் ஹோசே எடுத்தது. படித்தது சீக்கோவில் உள்ள அரசுப் பல்கலைக்கழகம், கல்லூரி விளையாட்டில் இரண்டாம் தரப் பிரிவு. அடுத்த வருடம் மொத்த அணியும் ஹூஸ்டனுக்கு இடம் மாறியது, அவரும் போனார். ஹூஸ்டனில் முன்களத்தில் பிரையன் ச்சிங், அவரைச் சுற்றி ட்வெய்ன் டி ரொசாரியோ. 2006, 2007 இரண்டு வருடமும் கோப்பை. அந்த இரண்டு கோப்பைகளை வென்ற அணியிலும் வோண்டலாவ்ஸ்கி இருந்தார், ரிசர்வ் ஆட்டங்களில் கோல் அடித்துக்கொண்டு, முதல் அணியில் கடைசிப் பத்து நிமிடத்துக்காகக் காத்துக்கொண்டு. இலவு காத்த கிளி என்று நாம் சொல்வோமே, அதுதான். 2009 ஜூனில் கேம் வீவர் என்ற இன்னொரு ஸ்ட்ரைக்கருக்காக அவரை சான் ஹோசேவுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அப்போது வயது 26. தொடர்ந்து ஆடக் கிடைத்த முதல் முழு சீசனில், 2010இல், 18 கோல், தங்கக் காலணி. 2012இல் 27 கோல், ராய் லாசிட்டர் 1996இல் வைத்த சாதனைக்குச் சமம், லீக்கின் சிறந்த வீரர். 2019 மே மாதம் சிகாகோவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு கோல் அடித்து லாண்டன் டோனவனின் 145ஐத் தாண்டினார். 2021இல் ஓய்வு பெறும்போது 171, லீக் வரலாற்றிலேயே அதிகம். 2014 உலகக் கோப்பையில் பெல்ஜியத்துக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் கோல் வாய்ப்பைத் தவறவிட்டவர் என்று நம் ஊர் ரசிகர்கள் ஞாபகம் வைத்திருக்கும் அதே மனிதர்தான், பாவம்.

இதைச் சொல்லி 'பாருங்கள், பொறுமையாகக் காத்திருந்தால் பலன் கிடைக்கும்' என்று எழுதுவார்கள். எனக்கு அது நேர் தலைகீழாகத் தெரிகிறது. 27 வயதில் ஒரு சீசனுக்கு 18 கோல் அடிக்கத் தெரிந்த ஆளுக்கு 24 வயதில் ஒரு பத்தாவது அடிக்கத் தெரியாமல் இருந்திருக்குமா? அவர் தாங்கினார், அவரைப் போலவே உட்கார்ந்து தாங்க முடியாமல் விட்டுவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர், அவர்கள் பெயரை எந்தப் பட்டியலிலும் பார்க்க முடியாது. ஆகவே ஐந்து வழிகளில் என் கணக்கில் கடைசி இடம் இதற்குத்தான், கைகுலுக்கி அனுப்புவதற்கும் கீழே.

மூன்றாவது, கிளப்பின் சொந்த இரண்டாம் அணி. 2022இல் நெக்ஸ்ட் ப்ரோ லீக் தொடங்கிய பிறகு பெரும்பாலான எம்எல்எஸ் கிளப்புகளுக்கு அங்கே ஓர் அணி இருக்கிறது. வருடத்துக்கு 28 ஆட்டம். சமநிலையில் முடிந்தால் பெனால்டி அடித்து ஒரு புள்ளியைத் தனியாகப் பிரித்துக்கொள்ளும் வேடிக்கையான விதி, அது இருக்கட்டும். நல்ல விஷயம், பையன் அதே பயிற்சித் திடலில், அதே ஆட்டமுறையில் பழகுவான், வாரத்தில் இரண்டு நாள் முதல் அணியோடு ஓடலாம், முதல் அணியில் ஆள் குறைந்தால் சில நாள் ஒப்பந்தத்தில் மேலே தூக்கிக்கொள்ளலாம்.

பேட்ரிக் அஜிமாங் போன பாதை இது. கல்லூரி விளையாட்டின் மூன்றாம் தரப் பிரிவில் தொடங்கி, ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்துக்கு மாறி, 2023 டிராஃப்ட்டில் 12வது ஆளாக ஷார்லட்டுக்குப் போனார். முதல் வருடம் இரண்டாம் அணியான கிரவுன் லெகசியில் ஆடினார், 2024இல் முதல் அணியில் 10 கோல், 2025 ஜனவரியில் அமெரிக்க தேசிய அணி, அந்தக் கோடையில் இங்கிலாந்தின் டெர்பி கவுன்டி. பிரையன் வொயிட்டும் ஏறக்குறைய இப்படித்தான், 2018இல் 16வது ஆளாக நியூயார்க் ரெட் புல்ஸ் எடுத்து இரண்டாம் அணியில் ஆடவிட்டது, பிறகு 2021இல் வான்கூவருக்கு மாறி அந்த வருடமே 12 கோல். ஆனால் 12, 16 எல்லாம் முதல் சுற்று எண்கள், மூன்றாம் சுற்றுப் பையனோடு அப்படியே வைத்துப் பார்க்கக் கூடாது. பாதை ஒன்றுதான், மூன்றாம் சுற்றுப் பையனுக்கு அதில் ஏறக் கிடைக்கும் வாய்ப்புகள் குறைவு.

இதில் ஒரு குறையும் உண்டு. நெக்ஸ்ட் ப்ரோவில் எதிரே நிற்கும் தடுப்பாட்டக்காரர்கள் பலருக்கு 18, 19 வயது. நான்கு வருடம் கல்லூரி முடித்து வரும் பையனுக்கு 22 அல்லது 23. தன்னைவிட நான்கு வயது சின்னப் பையன்களைத் தோளால் தள்ளிவிட்டுக் கோல் அடிப்பது கொஞ்ச நாளில் பழகிவிடும், அந்தப் பழக்கம் மேலே போனதும் உதவாது. பார்வையாளர் கூட்டமும் பெரும்பாலும் குறைவு, தோற்றால் யாரும் கத்தப்போவதில்லை.

அந்தக் குறைக்கு மருந்து நான்காவது வழி, யுஎஸ்எல் சாம்பியன்ஷிப்புக்கு லோன். இரண்டாம் நிலை லீக்தான், ஆனால் அங்கே இருப்பவர்கள் முப்பது வயது சென்டர் பேக்குகள், வீட்டு வாடகை கட்டுவதற்காக ஆடுகிறவர்கள், முழங்கை எங்கே போட்டால் நடுவர் பார்க்க மாட்டார் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பல ஊர்களில் நிஜமான கூட்டம் இருக்கும், அந்தக் கூட்டத்துக்கு ஜெயிக்க வேண்டும்.

டாம் ட்வையர் இதற்குப் பாடப்புத்தகம். இங்கிலாந்தில் இருந்து வந்து டெக்ஸஸில் ஒரு இரண்டு வருடக் கல்லூரி, அப்புறம் தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகம், 2012 டிராஃப்ட்டில் கான்சஸ் சிட்டிக்கு 16வது ஆள். முதல் வருடம் ஆட வாய்ப்பே இல்லை என்று சொல்லலாம். 2013இல் அப்போது கீழ் லீக்கில் இருந்த ஆர்லாண்டோ சிட்டிக்கு லோனில் அனுப்பினார்கள், 13 ஆட்டத்தில் 15 கோல். திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள், ஆனால் ஆர்லாண்டோவின் இறுதிப்போட்டிக்காக மறுபடி போய், 7-4 என்று முடிந்த அந்தப் பைத்தியக்கார ஆட்டத்தில் தனி ஆளாக நான்கு கோல் அடித்தார். அடுத்த வருடம் எம்எல்எஸ்ஸில் 22 கோல். முதல் அணி பெஞ்சில் அந்த 2013ஐக் கழித்திருந்தால் இது நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. டானி ஒலுவாசேயியும் அப்படித்தான், 2022இல் 17வது ஆளாக மினசோட்டா எடுத்தது, 2023இல் சான் அன்டோனியோவுக்கு லோன், 2024இல் மினசோட்டா முதல் அணியில் கோல்கள், கனடாவுக்காக கோபா அமெரிக்கா, 2025இல் ஸ்பெயினின் வியாரியல்.

லோனில் பயம் என்னவென்றால், அந்தப் பயிற்சியாளருக்கு உங்கள் பையனை வளர்ப்பது வேலை கிடையாது. மூன்று ஆட்டம் கோல் இல்லை என்றால் தன் சொந்த ஆளைத்தான் இறக்குவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. அதனால் எங்கே அனுப்புகிறோம் என்பது அனுப்புகிறோமா என்பதைவிடப் பெரிய கேள்வி. ஸ்ட்ரைக்கர் காயத்தில் இருக்கிற, பக்கவாட்டில் இருந்து நிறையப் பந்து தூக்கிப்போடுகிற அணியாகப் பார்த்து அனுப்ப வேண்டும். பெயர் பெரிய அணி, நல்ல ஊர் என்று அனுப்பினால் பெஞ்சு இங்கே இருந்ததற்கு பதில் அங்கே இருக்கும், அவ்வளவுதான்.

ஐந்தாவது, விட்டுவிடுவது. கொடுமையாகத் தெரியும், சில நேரம் அதுதான் நல்லது. டானி முசோவ்ஸ்கியை 2018 டிராஃப்ட்டின் இரண்டாம் சுற்றில் சான் ஹோசே எடுத்தது, முதல் அணியில் இடம் கிடைக்கவில்லை. ரீனோவில் கீழ் லீக்கில் ஆடி, அங்கே கோல் அடித்து, 2020இல் லாஸ் ஏஞ்சலிஸின் எல்ஏஎஃப்சி கிளப் வழியாக எம்எல்எஸ்ஸுக்குள் வந்தார், பின்னால் சால்ட் லேக், சியாட்டில் என்று நிலைத்துவிட்டார். வெளிநாட்டுப் பையனாக இருந்தால் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகும், ஏனென்றால் ஒவ்வொரு கிளப்புக்கும் அடிப்படையாக எட்டு வெளிநாட்டு இடம்தான், அவை கிளப்புகளுக்குள் விலைக்குக் கைமாறுகிறவை. கிரீன் கார்டு இல்லாத மூன்றாம் சுற்றுப் பையனுக்கு அதில் ஒன்றைக் கொடுக்க எந்த மேலாளருக்கும் கை வராது. ஆறு மாதம் இழுத்தடிப்பதைவிட பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டால், கீழ் லீக் அணிகளில் இடம் காலியாக இருக்கும்போதே அவன் போய்ச் சேரலாம்.

நான் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தால்? கிளப்பில் இரண்டு ஸ்ட்ரைக்கர் நல்ல உடம்போடு இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஒப்பந்தம் கொடுப்பேன், ஆனால் மார்ச், ஏப்ரல் இரண்டு மாதம் இரண்டாம் அணியில் ஆட வைப்பேன், ஏழெட்டு ஆட்டம் கிடைக்கும், அதற்குள் எழுபதாவது நிமிட ஓட்டம் எப்படி என்று தெரிந்துவிடும். அங்கே சின்னப் பையன்களை எளிதாக அடிக்கிறான் என்றால் மே மாதமே லோன், கோடை முழுக்க, எழுத்தில் 'வேண்டும்போது திரும்பக் கூப்பிடுவோம்' என்ற விதியோடு. அங்கேயும் அடித்தால் ஆகஸ்டில் முதல் அணி, அப்போதுதான் அனுபவசாலிகளின் கால்கள் கனத்திருக்கும், பையன் சூடாக இருப்பான். பிப்ரவரியில் இருந்த நிலைமைதான், ஆனால் இந்த முறை புள்ளிகள் கணக்கில் சேரும். 21 வயது என்றால் இன்னொரு வருடம்கூடப் பொறுப்பேன், 23 என்றால் மாட்டேன், அவனுக்கும் அதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன்.

ரசிகராக உங்களுக்கு இதில் முடிவெடுக்க எதுவும் இல்லை, ஆனால் கிளப் என்ன முடிவில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அடுத்த பயிற்சி ஆட்டத்தில் அவன் அடிக்கும் கோலைப் பார்க்காதீர்கள். முதல் 30 நிமிடத்தில், கிளப்பின் வழக்கமான நடுக்கள ஆட்களோடு சேர்த்து இறக்குகிறார்களா, இல்லை கடைசி 30 நிமிடத்தில் அகாடமிப் பையன்களோடு சேர்த்து இறக்குகிறார்களா என்று மட்டும் பாருங்கள்.